ஒத்தியில் இருக்கும் 4 மா நிலத்தை மீட்க 3 லட்சம் சேர்க்க வேண்டும், வழி சொல்லுங்கள்

நீடாமங்கலம் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மாமனார் பாகத்துக்கு வந்தது மொத்தம் 10 மா (3 மா ஒரு ஏக்கர்). அதில் 4 மா நாத்தனார் கல்யாணத்துக்காக 3 லட்சத்துக்கு ஒத்திக்குப் போய்விட்டது, அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் வரை நிலம் வாங்கியவர் அனுபவத்தில் இருக்கும். மீதி 6 மாவைத்தான் வீட்டுக்காரர் பயிர் செய்கிறார். ஒத்திக்கு வாங்கியவர் நல்ல மனுஷர், பங்காளி முறைதான், எப்போது பணத்தைக் கொண்டுவந்தாலும் நிலத்தை விட்டுவிடுகிறேன் என்கிறார். ஆனால் மொத்தமாகத் தர வேண்டும், பத்தாயிரம் இருபதாயிரம் என்று தந்தால் வாங்க மாட்டார், அதுவும் நியாயம்தானே. அந்த 4 மா வாய்க்காலை ஒட்டிய வயல், மடையைத் திறந்தால் முதலில் அங்கேதான் தண்ணீர் பாயும். எங்கள் கையில் இருக்கும் 6 மா கடைசியில் கிடக்கிறது, முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷத்தில் ராத்திரி முழுக்கக் காவல் இருந்தால்தான் நனையும். அதனால்தான் அந்த நிலம் வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

வரவைச் சொல்கிறேன். சம்பாவில் மாவுக்கு 11 மூட்டை சராசரியாக வரும் (60 கிலோ மூட்டை). சாப்பாட்டுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறோம். உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷின் எல்லாம் போகக் கையில் நிற்பது 35 ஆயிரம், நல்ல வருஷமாக இருந்தால் 40. குறுவை மேட்டூர் அணை திறப்பைப் பொறுத்தது. 2024-ல் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தார்கள், நாங்கள் குறுவையே போடவில்லை. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், மாதம் 4000, 5000 வரும், தீபாவளி பொங்கல் சமயத்தில் கூட வரும். மகளிர் உரிமைத் தொகை 1000. வயலில் வேலை இல்லாத மாதங்களில் அவர் மூட்டை ஏற்றப் போவார், அந்தக் கூலி அன்றாடச் செலவுக்குச் சரியாகிவிடும். பிள்ளைகள் இரண்டு பேர், 7-ம் வகுப்பும் 4-ம் வகுப்பும், அரசுப் பள்ளி.

பிரச்சினை என்னவென்றால், மாசியில் நெல் பணம் கணக்கில் ஏறுகிறது, சித்திரை முடிவதற்குள் இல்லை. ஆடியில் விதை, உழவுக்கு என் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும், 60 ஆயிரம், 2 வட்டி. மாசியில் மீட்போம். மறுபடி ஆடியில் போகும். அவர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், நானும் வருஷத்துக்கு இரண்டு புடவைக்கு மேல் எடுப்பதில்லை. அப்படியிருந்தும் ஒன்றும் நிற்கவில்லை.

5 வருஷத்தில் 3 லட்சம் சேர்க்க முடியுமா? எதைக் குறைப்பது, எங்கே போட்டு வைப்பது? பக்கத்து ஊரில் ஒருவர் 20 பேரை வைத்து மாதம் 5000 ரூபாய் சீட்டு நடத்துகிறார், அதில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

வெண்ணாற்றங்கரை விவசாயி:

தங்கச்சி, உங்கள் கணக்கைப் பார்த்தால் வீட்டுச் செலவில் குறைக்க ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்குக் கண்ணில் பட்டது அந்த 2 வட்டிதான். 60 ஆயிரத்துக்கு மாதம் 1200, ஆடியிலிருந்து மாசி வரை 8 மாதம் என்று வைத்தால் 9600 ரூபாய். சம்பாவில் நிற்பதே 40 ஆயிரம் என்றால் அதில் கால்வாசி அடகுக்கடைக்குப் போகிறது, அதுவும் வருஷா வருஷம். ஐந்து வருஷத்தில் 48 ஆயிரம். நீங்கள் டீத்தூளையும் எண்ணெயையும் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் இந்தத் தொகை வராது.

இதை நிறுத்த வழி இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குங்கள். தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே கிடையாது. சிட்டா, அடங்கல், ஆதார், கணக்குப் புத்தகம், போட்டோ, உறுப்பினர் சேர்க்கை, இவ்வளவுதான். கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா அடங்கல் கொடுத்திருப்பீர்களே, அதே காகிதம்தான். ஆனால் ஒன்று, ஆடி பிறந்த பிறகு போய் நின்றால் கூட்டத்தில் இழுத்தடிக்கும், வைகாசியிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். தவணைத் தேதியைத் தவறவிடவே கூடாது, ஒரு நாள் தாண்டினாலும் வட்டி ஏறிவிடும். பயிர்க் காப்பீட்டையும் கையோடு கட்டிவிடுங்கள், சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்தான். கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினால் சேமிப்பில் கைவைக்காமல் இருக்க அது ஒன்றுதான் துணை.

அடுத்தது, உளுந்து போடுகிறீர்களா? நீங்கள் எழுதியதில் உளுந்தே இல்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே தெளித்துவிட வேண்டும். உழவு கிடையாது, தண்ணீர் கட்ட வேண்டாம், வயலில் இருக்கிற ஈரமும் பனியும் போதும். அறுப்பு மிஷின் ஏறுவதில் கொஞ்சம் நசுங்கும், அதனால் விதையைச் சற்றுக் கூடப் போடுங்கள், முடிந்தால் பெல்ட் மிஷினாகக் கூப்பிடுங்கள், டயர் மிஷின் ஈர வயலில் பள்ளம் பறித்துவிடும். பங்குனி சித்திரையில் பறித்துவிடலாம். உங்கள் 6 மா 2 ஏக்கர். ஏக்கருக்கு 2 குவிண்டால் வந்தாலே 4 குவிண்டால், கிலோ 70 என்று போட்டால் 28 ஆயிரம். பறிக்கிற கூலி, விதை, ஒரு மருந்து எல்லாம் கழித்து 20 ஆயிரம் நிற்கும்.

நான் பல வருஷமாகச் செய்வது இதுதான்: நெல் பணம் வீட்டுக்கும் அடுத்த வெள்ளாமைக்கும், உளுந்துப் பணம் சேமிப்புக்கு. உளுந்துப் பணத்தை வீட்டுக்குள் கொண்டு வருவதே இல்லை, வியாபாரி கொடுத்ததை அப்படியே தபால் ஆபீஸில் கட்டிவிட்டுத்தான் வருவேன். கையில் ஒரு வாரம் இருந்தால் அதற்கு ஒரு செலவு வந்துவிடும், எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். தையல் பணத்தில் 1000, உரிமைத் தொகை 1000, மாதம் 2000 தபால் ஆபீஸ் ஆர்.டி. (மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பு). இப்போதைய வட்டி 6.7, கணக்கு தொடங்கும் நாளில் உள்ள வட்டி 5 வருஷத்துக்கும் மாறாது. முடிவில் 1,42,700 வரும். உளுந்துப் பணம் வருஷம் 20 ஆயிரம். முதல் வருஷத்துப் பணத்தைத் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள், 7.7 வட்டி, 20 ஆயிரம் 5 வருஷத்தில் ஏறக்குறைய 29 ஆயிரம் ஆகும். இரண்டாவது வருஷத்துப் பணத்தை அதில் போடாதீர்கள், போட்டால் நிலம் மீட்கிற நேரத்துக்கு வெளியே வராது. தபால் ஆபீஸில் 1, 2, 3, 5 வருஷ வைப்புகள் இருக்கின்றன. இரண்டாவது வருஷப் பணத்தை 3 வருஷம் போட்டு எடுத்து மறுபடி ஒரு வருஷம், மூன்றாவது வருஷப் பணம் 3 வருஷம், நான்காவது 2, ஐந்தாவது 1. எல்லாம் ஒரே சித்திரையில் வந்து சேரும். வட்டியோடு உளுந்து வகையில் 1,23,000 பக்கம் நிற்கும். ஆர்.டி.யும் சேர்ந்து 2,65,000. மீதி 35 ஆயிரத்துக்கு அந்த வருஷத்து நெல் பணம் இருக்கிறது. முடியும் தங்கச்சி, நிச்சயமாக முடியும்.

சீட்டு பற்றி: நடத்துபவரிடம் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். பதிவு இல்லையென்றால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு மாதம் 5000 தாங்கவும் தாங்காது.

குழு_அக்கா_வலங்கைமான்:

கண்ணு, அண்ணன் சொன்ன கணக்கு சரிதான். நான் வேறு ஒன்று சொல்ல வந்தேன். மகளிர் குழுவில் நிறைய வீடுகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். சிக்கனம் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால் முதலில் குறைவது அந்த வீட்டுப் பொம்பளையின் தட்டில்தான். முட்டை பிள்ளைக்கு, மீன் துண்டு அவருக்கு, நமக்குக் குழம்பு போதும் என்று ஆரம்பிக்கும். இரண்டு வருஷத்தில் இரத்தம் குறைந்து, தலை சுற்றல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். தையல் மிஷினில் உட்காருகிற உடம்பு உங்களுடையது, அந்த வருமானத்தை நம்பித்தான் ஆர்.டி.யே நிற்கப் போகிறது. பாலையும் முட்டையையும் குறைக்கக் கூடாது. இதை உங்கள் வீட்டுக்காரரிடமும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

குறைக்க வேண்டியது கடை நோட்டு. மளிகைக் கடையில் நோட்டில் எழுதி வாங்குகிறீர்களா? வாங்கினால் விலையும் கேட்க முடியாது, அளவும் தெரியாது, கடைக்காரர் தருவதுதான் சரக்கு. மாசி பங்குனியில் கையில் பணம் இருக்கும்போதே ஒரு வருஷத்துப் புளியையும் மிளகாயையும் வாங்கி வெயிலில் காயவைத்துப் பானையில் போட்டுவிடுங்கள், அப்போதுதான் புதுச் சரக்கு வரும், விலையும் இறங்கியிருக்கும். உளுந்து உங்கள் வயலிலேயே வரும், விற்பதற்கு முன் வீட்டுக்கு 20 கிலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அண்ணன் கணக்கில் அது இல்லை, இட்லிக்கு உளுந்தை வெளியில் வாங்கினால் அதுவும் செலவுதானே. ரேஷனில் துவரம் பருப்பு, பாமாயில் வருவதைத் தவறாமல் வாங்குங்கள். துணி, நூல் வாங்க மன்னார்குடி போனால் டவுன் பஸ்ஸில் போங்கள், நமக்கு டிக்கெட் இல்லை, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

தையல் கூலியைக் கடனுக்கு விடுகிறீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். சொந்தக்காரர், பக்கத்து வீடு என்று பிளவுஸைக் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அது வரவே வராது. துணியை வாங்கும்போதே பாதிக் கூலியை வாங்கிவிடுங்கள். முதல் மாதம் முகம் சுளிப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

பேராவூரணி தென்னந்தோப்பு:

யாரும் மொய்யைப் பற்றிப் பேசவில்லையே. சகோதரி, சித்திரை முடிவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது என்று சொன்னீர்களே, மாசியிலிருந்து வைகாசி வரை காதுகுத்து, கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் திருவிழா என்று எத்தனை பத்திரிகை வருகிறது என்று பாருங்கள். நம் ஜில்லாக்களில் அறுவடை முடிந்த கையோடுதான் எல்லா விசேஷத்தையும் வைப்பார்கள், கையில் காசு இருப்பது அப்போதுதான் என்று.

எங்கள் பக்கம் ஆடியில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும், கறி விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். வட்டியில்லாமல் பெரிய தொகை ஒரே நாளில் கைக்கு வரும், அதை வைத்துக் கடை போட்டவர்கள், தோப்பு வாங்கினவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அது கடன். நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கினதையும் அதற்கு மேல் புது நடையும் (புதிதாகக் கூட வைக்கும் மொய்) சேர்த்துச் செய்ய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு திருப்பிச் செய்ய முடியாமல் எத்தனை குடும்பம் தவித்தது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் மொய் விருந்து கிடையாது, ஆனால் மொய் நோட்டு எல்லா வீட்டிலும் இருக்கும். அதை எடுத்து வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்வது கடமை, அதில் குறை வைக்கக் கூடாது. ஆனால் வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வது ஒன்று, கௌரவத்துக்காக மேலே மேலே ஏற்றிக்கொண்டு போவது வேறு. இந்த 5 வருஷத்துக்குப் புதுக் கணக்கு தொடங்குவதில்லை என்று முடிவெடுங்கள். பத்திரிகை வைத்த வீட்டுக்கு முதல் நாளே போய் வேலையில் கைகொடுங்கள். காய் நறுக்க, பந்தி பரிமாற ஆள் கிடைக்காத காலம் இது, செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள். நிலத்தை மீட்கப் போகிறோம் என்று நெருங்கிய சொந்தத்திடம் சொல்லிவிட்டால் அவர்களும் எதிர்பார்க்க மாட்டார்கள். நிலம் மீட்கிறேன் என்று சொன்னவனைக் குறை சொல்கிற ஊர் டெல்டாவில் இல்லை.

மன்னை பத்திர எழுத்தர்:

பணம் சேர்ப்பது இருக்கட்டும், ஒத்தி பத்திரம் பதிவு செய்ததா? இதை முதலில் பாருங்கள். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தியைப் பதிவு செய்திருக்க வேண்டும். பங்காளி முறைதானே என்று வெறும் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்வது நம் பக்கம் சாதாரணம், அந்தத் தலைமுறை இருக்கிற வரை பிரச்சினை வராது, பிள்ளைகள் காலத்தில்தான் வரும். பதிவுத்துறை இணையத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவான ஒத்தி என்றால் அதில் தெரியும்.

பதிவு இல்லையென்றால் அவரிடம் சண்டை போட வேண்டாம், நல்லபடியாகப் பேசி இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள், தொகையும் நான்கு எல்லையும் தெளிவாக இருக்கட்டும். பணம் கொடுக்கிற நாளில் மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்குவதோடு நின்றுவிடாமல், ஒத்தி தீர்ந்ததற்கு ரசீது எழுதி அதையும் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் வில்லங்கத்தில் ஒத்தி நின்றுகொண்டே இருக்கும். அந்தச் செலவுக்கு 3 லட்சத்துக்கு மேல் கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள். காலம் கடந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அனுபவ ஒத்தியில் பணத்தைக் கட்டி நிலத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை ஒத்தி எழுதிய தேதியை வைத்துக் காலாவதி ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2014-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அவரும் அவர் பிள்ளைகளும் இதே மனதோடு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

நீடாமங்கலம் தையல்காரி:

அண்ணன்கள், அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஒத்தி பத்திரம் பதிவானதுதான், மாமனார் பீரோவிலிருந்து நகலை எடுத்துக் காட்டினார். உளுந்து முன்னால் போட்டுக்கொண்டிருந்தோம், இரண்டு வருஷம் அறுப்பு நேரத்தில் மழை வந்து விதை அழுகியதால் விட்டுவிட்டார், இந்தத் தையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சீட்டுக்காரரிடம் பதிவு எண் கேட்டேன், நம்பிக்கைதான் பதிவு என்றார், சேரவில்லை.

சங்கத்துக் கடனில்தான் சிக்கல். பட்டா மாமனாரும் அவர் தம்பியும் சேர்ந்த கூட்டுப் பட்டா. சித்தப்பா திருப்பூரில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இருக்கிறது. கூட்டுப் பட்டாவுக்குக் கடன் தருவார்களா? இன்னொரு சந்தேகம், ஆர்.டி.யில் ஏதாவது ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? ஆடி, புரட்டாசியில் தையல் வேலை சுத்தமாக இருக்காது, அந்த மாதங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை விவசாயி:

கூட்டுப் பட்டா என்றால் முதலில் வி.ஏ.ஓ.விடம் அடங்கலில் உங்கள் மாமனார் அனுபவத்தில் எவ்வளவு பரப்பு, என்ன பயிர் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். சித்தப்பாவிடம் சம்மதக் கடிதமும் வாங்கிக்கொண்டு சங்கச் செயலாளரைப் பாருங்கள். ஆனால் அதோடு விடாமல் பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரும்போது பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, இ-சேவை மையத்தில் உட்பிரிவோடு தனிப் பட்டாவுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள். சர்வேயர் வந்து அளந்து கல் போடுவார். ஒத்தி நிலம் திரும்பி வரும்போதும் அது தேவைப்படும்.

ஆர்.டி.யில் ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், உங்களுக்கு 20 ரூபாய். பயப்பட ஒன்றுமில்லை. 4 தவணைக்கு மேல் தவறினால்தான் கணக்கு நின்றுபோகும், அப்போதும் 2 மாதத்துக்குள் கட்டிப் புதுப்பிக்கலாம். அவசரம் வந்துவிட்டால் கணக்கை உடைக்காதீர்கள், 3 வருஷம் கழித்து உடைத்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான், அதாவது 4, அதுதான் கிடைக்கும். 12 தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை அதிலேயே கடன் தருவார்கள், ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 கூட. அடகுக்கடை 2 வட்டி என்பது வருஷத்துக்கு 24, இது 8.7. சங்கிலியை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் இது ஞாபகம் இருக்கட்டும்.

ஆடி புரட்டாசிக்கு வழி என்னவென்றால், ஆர்.டி.யை முன்கூட்டியே கட்டலாம். 6 மாதம் சேர்த்துக் கட்டினால் 100 ரூபாய் கணக்குக்கு 10 ரூபாய் தள்ளுபடி, 12 மாதம் சேர்த்துக் கட்டினால் 40. உங்கள் 2000 ரூபாய்க் கணக்குக்கு ஒரு வருஷத்தை ஒரே தடவையில் கட்டினால் 800 ரூபாய் கழித்துக்கொண்டு 23,200 கட்டினால் போதும். மாசியில் நெல் பணம் ஏறியதும் இதைக் கட்டிவிட்டு, தையல் காசும் உரிமைத் தொகையும் மாதா மாதம் வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும். போகும்போது கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் 12 மாதமும் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள்.